எவ்வளவு இறங்குது

மூன்று குழாய்கள் திரும்பி வந்தன,
ரத்தம் உடைந்திருக்கிறதென்று
சிவப்பு மையில் எழுதி.
நாகலூர் தோட்டத்துப் பெண்ணுக்கு
மறுபடி ஊசி.
"குலுக்கிக் குலுக்கிக் கொண்டாறீங்களா?" என்றாள்
நாலு ரோட்டு லேபில் நிஷாந்தினி.
நான் குலுக்கவில்லை.
இருபது கொண்டை ஊசி,
இருபதிலும் தார் உரிந்த உள்வளைவு,
பதினோரு வருடம் என்னைச் சுமந்து
முட்டி விட்டுப்போன முன்கால்கள்.

புதுசாய்ப் போட ஒன்பதாயிரம் என்றார்கள்.
கையில் ஆயிரத்து நானூறு,
அதிலும் முந்நூறு அமலோற்பவம்
ஜாக்கெட் தைத்த காசு.

ஞாயிறு பூசை முடிந்து
ஃபோர்க்கைக் கழற்றிக் கவிழ்த்தேன்.
கரிச்சட்டி கழுவிய தண்ணீர் போல வந்தது,
மீன் நாற்றத்தோடு.
"அதை வீட்டுக்குள்ள கொண்டாராதே."
பக்கத்து வீட்டுப் பால்புட்டியில் அளந்து
காலுக்கு நூற்றெழுபது மில்லி
புது எண்ணெய் ஊற்றினேன்.
(அவர்களுக்கு வேறு புட்டி வாங்கித் தந்தது
தனிச் செலவு, நாற்பத்தைந்து.)

ஸ்பிரிங் மாற்றக் காசில்லையா,
அதன் தலையில் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை வை,
இது கிச்சிப்பாளையம் பழைய சாமான் கடை
ஜபருல்லா சொன்னது.
பின் ஷாக்கும் அவரிடம்தான்.
ஓமலூர் பைபாஸில் விழுந்த வண்டியுடையது,
ஜோடி அறுநூறு.
ஓட்டியவன்? என்றேன்.
"பொழைச்சிட்டான். கார் வாங்கிட்டான்."

அமலோற்பவம்
கழுத்திலிருந்து இஞ்ச் டேப்பை உருவினாள்,
நாள் முழுக்க மார்பும் இடுப்பும் அளந்த டேப்.
"ஏறு. காலைத் தூக்கு. மூச்சை இழுக்காதே,
அளவு குடுக்க நிக்கிறவங்க மாதிரி."
நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.
தையல் சுண்ணாம்பால் ஃபோர்க்கில் ஒரு கோடு.
ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது
நான் உட்கார்ந்ததற்கே,
ஒரு பள்ளமும் வராமலே.
பாதி உயரத்தை என்னிடமே செலவழித்துவிட்டு
மலைக்கு என்ன மிச்சம் வைக்கும் வண்டி?

முப்பது மில்லிமீட்டர்த் துண்டு வைத்தேன்.
இருபத்தெட்டுதான் இறங்கியது.
பெருமையாக இருந்தது.
மறுநாள் பதினாலாம் வளைவில்
நெல்லிக்காய் அளவு கல்லுக்கு
எட்டி உதைத்தது முன்சக்கரம்.
நல்லவேளை, காலிப் பெட்டி.

இறங்கமாட்டேன் என்று விறைத்து நிற்கும் காலுக்கு
பள்ளத்தை எட்டத் தெரியாது.
இதை நான் கண்டுபிடிக்கவில்லை.
"அக்குள்ல கொஞ்சம் லூசு விடலைன்னா
கையைத் தூக்குறப்ப கிழியும்" என்றாள் அவள்,
ஆக்சா பிளேடால் துண்டில் பத்தைக் குறைத்தபடி.
முப்பத்தெட்டு.
பால் கணக்குக்குக் கீழே
சுவரில் எழுதி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பதினேழு குழாய்கள்.
பனியில் பாதி ரோடுதான் தெரிந்தது.
பன்னிரண்டாம் வளைவில் பஸ்ஸுக்கு ஒதுங்கி
உள்பக்கப் பள்ளத்தில் விட்டேன், வேறு வழியில்லை.
கதை கேட்பவர் போல
'ம்' என்றது முன்பக்கம்.
அவ்வளவுதான்.
அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.
பின்பக்கம் இன்னும் கொஞ்சம் குதிக்கிறது,
இடதுபுற புஷ் சரியில்லை,
அதற்கு அடுத்த மாதம் பார்க்கணும்.
கோரிமேடு வரும்வரை
பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசையை
அடக்கிக்கொண்டேன்.

நிஷாந்தினி மெஷினில் சுற்றி எடுத்தாள்.
குழாய்களின் மேல் பாதியில் நின்றது
தெளிந்த மஞ்சள்,
புது விளக்கெண்ணெய் நிறம்.
பதினேழிலும்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கையெழுத்துப் போட்டுவிட்டு
அடுத்த பையனைக் கூப்பிட்டாள்.

ராத்திரி சாப்பிட்டு முடித்து
அமலோற்பவம் கேட்டாள்:
"நானும் ஏறினா எவ்வளவு இறங்கும்?"
ஏறினாள்.
ஓடாத வண்டியில், வாசலில்,
நான் சுவரையும் அவள் என் தோளையும் பிடித்து
இருட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம்.
வண்டி மெதுவாகத் தாழ்ந்தது.
எவ்வளவு என்று சொல்ல ஆளில்லை.
டேப் கீழே கிடந்தது.