மூன்றாம் பிளாட்பாரம்

செடியின் பெயரைச் சொல்லமாட்டேன்.
ஊர்ப்பெயரும் வேண்டாம்.
ஒடுகத்தூர் பஸ் மூச்சிரைத்து நிற்கும் இடத்திலிருந்து
நடை. அதுபோதும்.
எவ்வளவு நடை என்று கேட்காதீர்கள்.

பாறையில் மழைநீர் தேங்கிய குழி,
குழிக்கு வடக்கே ஒரு சூரைப்புதர்
(ஏற்கெனவே அதிகம் சொல்லிவிட்டேன்),
புதருக்குள் முள் விட்ட வழியிலெல்லாம் வளைந்து
ஒரு கொடி. நூல் தடிமன்.
ஐப்பசியில் பத்துப் பதினோரு நாள் பூக்கும்.

பூவை அழகென்று சொல்ல முடியாது.
பச்சையும் பழுப்புமாய், சுண்டுவிரல் நீளம்,
அடி பருத்த குழல்,
மேலே ஐந்து இதழ்நுனிகள் ஒட்டிக்கொண்ட சின்னக் கூண்டு.
கொஞ்சம் நாறும்.
எள்ளளவு ஈ ஒன்று உள்ளே வழுக்கி விழும்.
குழலின் மயிரெல்லாம் கீழ்நோக்கி.
இரவு முழுக்கச் சிறை.
மயிர் வாடி, பூ தலைசாய்ந்த பிறகு
மகரந்தம் சுமந்து வெளியே வரும் ஈ
ஒன்றுமே கற்றுக்கொள்ளாமல்
அடுத்த பூவுக்குள் போகும்.
அந்த மறதியில்தான் இந்தக் கொடியின் வம்சம் ஓடுகிறது.

முதல் வருடம் நாற்பத்தொன்று எண்ணினேன்.
அட்சரேகை, தீர்க்கரேகை,
புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம்,
எல்லாம் சரியாக எழுதிக் கொடுத்தேன்.
தையில் போனபோது முப்பத்திரண்டு குழிகள்.
முள்ளம்பன்றி இத்தனை நேர்த்தியாகத் தோண்டாது.
ஆடு மேய்க்கும் நவநீதம் சொன்னாள்:
"ரெண்டு பேரு வந்தாங்க. கையில போனு.
மூஞ்சியத் தூக்காம நேரா வந்தாங்க,
தெனம் தண்ணி சேந்துற கெணத்துக்கு வர்றாப்ல."

மறுவருடம் படிவத்தில் அதே கட்டம்.
காட்பாடி ஜங்ஷன், மூன்றாம் பிளாட்பாரம்,
தண்ணீர்க் குழாயடி.
அந்த எண்களை எழுதினேன்.
யாரும் சரிபார்க்கவில்லை.
அரசுக் கணக்குப்படி
ஒன்பது கொடிகள் இன்னும் ரயிலுக்குக் காத்திருக்கின்றன.

சிரித்தேன், அப்போது.

இப்போது பாறையின் தென்முகத்தில்
மஞ்சள் பெயின்ட்டில் எண்கள். குவாரி.
நாளை பதினொன்றரைக்குச் சத்துவாச்சாரியில்,
கலெக்டர் ஆபீசில், கருத்துக் கேட்பு.
அறிக்கையின் அறுபத்து நான்காம் பக்கம்:
'இப்பகுதியில் அரிய தாவரம் ஏதும் பதிவாகவில்லை.'
எழுதியவன் பொய் சொல்லவில்லை.
பதிவைப் பார்த்திருக்கிறான்.
பதிவு என்னுடையது.

சொன்னால் கடப்பாறை வரும்.
சொல்லாவிட்டால் வெடி.
ஜீப்பைத் துடைத்துக்கொண்டே கலீமுல்லா கேட்டார்,
"ஜங்ஷன்ல இருக்குன்னு எழுதிட்டு
மலைய எப்படி மேடம் காப்பாத்துவீங்க?"

நவநீதத்திடம் கேட்டேன்.
"கிரஷரு வந்தா எம்மவனுக்கு வேல.
வரலன்னா ஆட்டுக்குப் புல்லு.
என்ன எதுக்குக் கேக்குற?"
சொல்லிவிட்டுப் போனவள் திரும்பி வந்து
புதரில் இடைவெளி விட்ட பக்கம்
ஒரு முள்கிளையை இழுத்துப் போட்டாள்.
எனக்காகவா, கொடிக்காகவா,
இல்லை ஆட்டின் காலுக்காகவா, தெரியவில்லை.

இன்று மாலை எண்ணினேன். ஒன்பது.
ஒரு பூவைப் பறிக்காமல்
சாயும் வெயிலுக்கு எதிரே திருப்பிப் பார்த்தேன்.
குழலுக்குள் மூன்று நிழல்கள்
ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கின.

படிவம் மடியில். கட்டம் காலி.
கீழே கலீமுல்லா ஹாரன் அடிக்கிறார்,
கடைசி வெளிச்சம் போகுமுன் இறங்கச் சொல்லி.