விழுந்து கிடப்பவள் நான்தான்

அவள் முகத்தைக் கேட்காதீர்கள்.
நாலு ஆட்டத்தில் நான் பார்த்தது முதுகைத்தான்.
எண் பதினொன்று.
இரண்டு ஒன்றில் ஒன்று வேர்வையில் உரிந்து
ஆனிக் கடைசியில்
நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டாப்பர் பேக்கின் வேலை அப்படி.
பார்வர்டின் நிழலில் குடியிருக்க வேண்டும்,
தொண்ணூறு நிமிடம், வாடகை இல்லாமல்.

ஈரான்காரி. ஸொஹ்ரே.
பீளமேட்டு மோட்டார் கம்பெனி டீம்
ஐந்து மாதத்துக்குக் கூட்டிவந்திருந்தது.
பெயரை வாயில் போட்டுப் பார்த்த எங்கள் கீப்பர்
"சோறுன்னே வச்சுக்கலாம்" என்றாள்.
சிரித்தோம்.
ஐந்தாம் நிமிடத்தில் சிரிப்பு நின்றது.

பொள்ளாச்சியில் ஒருநாள்
ஒரே ஐஸ் பையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம்,
அவள் முட்டிக்கு, என் கணுக்காலுக்கு.
அரைகுறை இங்கிலீஷ், மீதிக்குக் கை.
பதிமூன்று வயதில் சிமெண்டுத் தரை உள்ளரங்கு.
பதினேழில் ஊர்க் கிளப்.
இருபதில் நாட்டின் சட்டை.
முட்டி ஒன்று, ஆபரேஷன் இரண்டு.
கோல் நூற்றுப் பன்னிரண்டு,
அதில் ஒன்றைக்கூட அப்பா பார்த்ததில்லை.
அவள் ஆடிய மைதானங்களில்
பெண்கள் ஆட்டத்துக்கு ஆண்களை விடவில்லை.
மதிலுக்கு வெளியே
மோட்டார்சைக்கிளில் உட்கார்ந்து
சத்தத்தை எண்ணுவாராம்.
பெரிய சத்தம் என்றால் கோல்.
மகள் போட்டதா என்பது
அவள் வெளியே வரும் நடையில் தெரிந்துவிடும்.

என்ற அய்யனுக்கு மதில் ஏதும் இல்லை.
சோமனூரில் எட்டுத் தறி,
வாசலில் பஸ்.
ஆட்டம் பார்க்க வந்ததில்லை.
இதை அவளிடம் சொல்லவில்லை.
ஐஸ் உருகிவிட்டது என்று எழுந்துகொண்டேன்.

உடுமலை. ஆடி மூன்றாம் வாரம்.
கணவாய்க் காற்று
கார்னர் கொடியைப் படுக்கவைத்திருந்தது.
எங்கள் கீப்பர் உதைத்த பந்து
பாதி வானம் போய்
எதையோ மறந்துவிட்டவள்போலத் திரும்பி வந்தது.
கேலரியில் இருநூறு பேர் இருக்கலாம்,
பாதிக்கு மேல் ஆண்கள்,
மில் ஷிப்டு முடிந்து பொரிப் பொட்டலத்தோடு.
"ஏனுங்க பதினொண்ணு, அடிச்சு உடுங்க!"
ஒருத்தர் துண்டைச் சுழற்றினார்.
எங்களைத் தோற்கடிக்க வந்தவளுக்கும்
'ங்க' போடுகிற ஊர்.

எழுபத்தோராம் நிமிடம்.
இடது தோளைச் சாய்த்தாள்.
நான் அந்தப் பக்கம் போனேன்.
அவள் போகவில்லை.
எனக்குத் தெரிந்து நடந்தது இவ்வளவுதான்.
மீதி என் முதுகுக்குப் பின்னால் நடந்தது,
புல் இல்லாத மண்ணில்
நான் சம்மணம் போட்ட மாதிரி
உட்கார்ந்திருந்தபோது.

கேலரியில் யாரோ போனில் பிடித்தது,
பத்தொன்பது விநாடி.
ராத்திரியே அவள் அப்பாவுக்குப் போயிற்று.
மறுநாள் அவர் பதிலைக் காட்டினாள்,
வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து.
கோலைப் பற்றி ஏதோ இருக்கும் என்று நினைத்தேன்.
படித்துச் சொன்னாள்:
'அந்தப் பெண்ணுக்கு அடிபட்டதா?'

இல்லை என்று சொல்லச் சொன்னேன்.
பேன்ட்டைத் தட்டிக் காட்டினேன், மண் போக.

புரட்டாசியில் போய்விட்டாள்.
இன்னொரு கிளப் என்றார்கள்,
முட்டி மறுபடி போயிற்று என்றும்.
ஸொஹ்ரே என்றால் வெள்ளி,
விடிவதற்குமுன் முளைக்கிறதே, அது,
என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.
கீப்பரிடம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை.

வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது,
உடுமலை, பல்லடம், கருமத்தம்பட்டி.
ஐப்பசி மழையில் ஒருநாள்
தறிக்குடோனுக்குச் சோறு கொண்டுபோனேன்.
அய்யன் போனைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.
அறுந்த இழையை முடிந்தபடி,
என்னைப் பார்க்காமல்,
எட்டுத் தறிக்கும் மேலே கத்தினார்:

"தோளு பொய் சொல்லும் கண்ணு.
காலைப் பாக்கோணும்."

ஞாயிற்றுக்கிழமை பல்லடத்தில் ஆட்டம் என்றேன்.
மூணு மணிக்கு என்றேன்.
அந்தச் சத்தத்தில் கேட்டதோ என்னவோ.