பாதி விலைக் கொக்கு

ஏப்ரல் இரண்டாம் வாரம்.
தௌகவா ஆற்றின் கடைசிப் பனிப்பாளம்
பாலத்தூணில் முட்டி, கொஞ்சம் யோசித்து,
பிறகு கடலுக்குப் போய்விட்டது.
ரீகா நகரத்துக்கு அதுதான் அறிவிப்பு:
கோட்டைக் கழற்றலாம்,
ஆனால் கையிலேயே வைத்திருக்கவும்.

ஜின்ட்ரா துணிக்கடைத் திரைக்குள் இருக்கிறாள்.
வெளியே ஸ்டூலில் நான்.
மடியில் அவள் கோட்டு, அவள் பை,
பைக்குள் சந்தையில் வாங்கிய புகையூட்டிய மீன்.
இருவருக்கும் ஐம்பத்து நான்கு.
இருவரும் ஓட்டுவது ஒரே டிராம்,
காலையில் அவள், மாலையில் நான்.
பணிமனை வாசலில் ஆள் மாறும்போது
இரண்டிரண்டு நிமிஷமாகச் சேர்த்ததுதான்
இந்த இருபது வருட நட்பு.

"உங்க வயசுக்கு" என்று தொடங்கினாள் கடைக்காரப் பெண்.
அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்தன
சாம்பல், ஓட்ஸ் கஞ்சி, ஈரச் சிமெண்டு,
இடுப்பை மறைப்பது, முழங்கையை மறைப்பது,
மொத்தத்தில் ஆளையே மறைப்பது.
ஜின்ட்ரா ஒவ்வொன்றையும் நியாயமாகப் போட்டுப் பார்த்தாள்.
ஓட்ஸ் கஞ்சி நிறத்தில்
நாற்காலி உறை மாதிரி இருக்கிறாய் என்றேன்.
"நாற்காலியில யாராவது உட்காரவாவது செய்வாங்க"
என்று திரைக்குள் போனாள்.

அவளுடைய சட்டம் வேறு.
பாக்கெட் வேண்டும், இரண்டு பக்கமும்,
சாவிக்கொத்தைப் போட்டால் கிழியாத பாக்கெட்.
கையைத் தூக்கினால் அக்குளில் டர்ரென்று கேட்கக்கூடாது.
உட்கார்ந்தும் பார்க்க வேண்டும்.
நிற்பவளுக்கென்றே தைத்த கவுனை வைத்துக்கொண்டு
உட்கார்ந்து பிழைப்பவள் என்ன செய்வாள்?
என்னை எழுப்பிவிட்டு ஸ்டூலில் அமர்ந்தாள்,
இல்லாத பிரேக்கை மிதித்தாள்,
இல்லாத சைக்கிள்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினாள்.
கடைக்காரப் பெண் இரண்டடி பின்வாங்கினாள்.

தள்ளுபடிக் கம்பியில் கடைசியாகத் தொங்கியது அது.
முட்டைக்கரு மஞ்சள்.
அதன்மேல் சாண் உயரக் கறுப்புக் கொக்குகள்.
இடது விலாத் தையலில், வெட்டிய கை தவறியதில்
ஒரு கொக்குக்குத் தலை இல்லை.
கழுத்து வளைந்து வருகிறது, துணி முடிகிறது,
அந்தப் பக்கம் வேறொன்றின் கால் தொடங்குகிறது.
குறை உள்ளது என்று சீட்டு. பாதி விலை.

திரை விலகியபோது
அவள் அழகியாகி வரவில்லை.
முழங்கை முழங்கையாகத்தான் இருந்தது,
கழுத்துச் சுருக்கம் அதனதன் இடத்தில்.
ஆனால் பலர் பேசிக்கொண்டிருக்கும் அறைக்குள்
கதவைத் தட்டாமல் வந்தவள்போல் நின்றாள்.
நான் மடியிலிருந்த மீனை மறந்து எழுந்தேன்.

"கொஞ்சம் எடுப்பா இருக்கோ?" என்றாள் அந்தப் பெண்.
"சிக்னல் எடுப்பா இருந்தாத்தான் அம்மா வண்டி நிக்கும்."
"இந்த இடத்தை ஒரு பெல்ட் போட்டு மறைச்சிடலாம்,
தலை போனது தெரியாது."
ஜின்ட்ரா குனிந்து விலாவைப் பார்த்தாள்.
வெகுநேரம் பார்த்தாள்.
"தலை எங்கேயும் போகல.
தண்ணிக்குள்ள விட்டு மீன் தேடுது" என்றாள்.

எங்கே போட்டுக்கொண்டு போவாய் என்று கேட்டேன்.
கல்யாணம் இல்லை, விருந்து இல்லை,
வாரத்தில் ஆறு நாள் நீலச் சீருடை.
"முதல்ல கவுன் வரட்டும். இடம் பின்னாலேயே வரும்."
கழற்றாமலே காசு கொடுத்தாள்,
சில்லறையைப் புதுப் பாக்கெட்டில் போட்டுக் குலுக்கிப் பார்த்தாள்.

நான் வந்தது ஒரு கோட்டுப் பொத்தானுக்கு.
அது நினைவு வந்தபோது கடையைத் தாண்டிவிட்டோம்.
நிறுத்தத்தில் ஆற்றுக்காற்று, ஐந்து டிகிரி இருக்கும்.
வில்னிஸ் ஓட்டி வந்த டிராம்
தேவையே இல்லாமல் இரண்டு முறை மணி அடித்தது.
"பல் கிட்டுது, கோட்டைக் கொடு" என்றாள்.
வாங்கித் தோளில் மட்டும் போட்டுக்கொண்டாள்.
ஏறி உட்கார்ந்தோம், பயணிகளாக, பக்கத்துப் பக்கத்தில்.
வழியெல்லாம் என் மடியிலிருந்து மீன் வாசம்.
அந்த ஒற்றைக் கொக்கு மட்டும்
இன்னும் தண்ணீருக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது.