குளோரோ

மெகாஃபோனின் வாயில் ஏற்கெனவே விரிசல்.
மோட்டார் சைக்கிள் வேறு குலுக்க
"இன்று உங்கள் கிணறுகளில்
குளோரோ போடுகிறோம்" என்று கத்தினேன்.
மொசாம்பிக் கரையில், அங்கோஷே சாலை நெடுக
காற்று அதை மென்று துப்பியது:
இன்று உங்கள் கிணறுகளில்
கோலரா போடுகிறோம்.

ஓரெழுத்து இடம் மாறிற்று, அவ்வளவுதான்.
ஆனால் அதற்குள் எட்டுப் பேரைப் புதைத்திருந்தார்கள்.
கல் வந்தது.
இடது காதில் நான்கு தையல்.

மறுவாரம் மெகாஃபோன் இல்லாமல் போனேன்.
கிணற்றடியில் பஜியா சுடும் முவனாஷா
கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்:
"பேரை விடு. அதற்கு வாடை என்ன?"

கையேட்டில் வாடை இல்லை.
யோசித்து, "பிரசவ வார்டில்
வெளுத்துப் போட்ட விரிப்பு" என்றேன்.
வாளிக்குள் முகம் புதைத்தாள்.
"என் மொமாதே பிறந்த அன்றைக்கு..."
மேலே சொல்லவில்லை.
எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

பொழுது சாய்வதற்குள் மக்குவா மொழியில்
குடம் விட்டுக் குடம் தாவியது
அவள் சொன்னது:
வாடை இருந்தால் குடி.
வாடை போனால் கொட்டு.
அதில் ஒரு சொல்கூட என்னுடையதில்லை.

தலைமை அலுவலகப் படிவத்தில் ஒரு கட்டம்:
விநியோகித்த சுவரொட்டிகள் எத்தனை?
இரண்டாயிரம் என்று எழுதினேன். பொய்யில்லை.
அவற்றில்தான் அவள் பஜியா மடிக்கிறாள்.
என் போர்த்துக்கீசிய வரிகளில்
எண்ணெய் ஊறி, வெளிச்சம் தெரிகிறது.

வாங்க வருகிறவர்களிடம் காசுக்கு முன்னால்
"கையைக் காட்டு" என்கிறாள்.
நானும் நீட்டினேன்.
விரலெல்லாம் மை.
"போ, கழுவிவிட்டு வா" என்றாள்.