மூன்றாவது சூளை

நம்பியாற்றங்கரையில் நாற்பது நாள் பயிற்சி.
காலையில் குழி: தூரிகையும் கரணையும்,
ஒரு சாண் ஆழத்துக்கு ஒரு பை ஓடு.
மாலையில் சூளை.

உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு.
கவிழ்த்து வைத்து, உமி திணித்துச் சுட்டால்
வரும் என்றது கட்டுரை.
வரவில்லை.
முதல் தடவை எல்லாம் சிவப்பு,
இரண்டாவதில் எல்லாம் கறுப்பு,
மூன்றாவதில் நடுராத்திரி வெடிச்சத்தம்.
“எந்த ஊர்க் கொடையோ” என்று
புரண்டு படுத்தாள் ஜெப்ரின்.

உடைந்ததை எங்கே கொட்ட?
குழிப் பக்கம் கொட்டினால்
பின்னால் தோண்டுகிறவர் ஏமாறுவார்.
உடைமரத்தடியில் புதைத்தோம்,
அடியில் தேதிக்காக ஒரு ரூபாய்,
வள்ளியூர் பஸ்ஸில் மீதி வாங்கியது.

மறுநாள் குழியில்
நாலடிக்குக் கீழே
பாதி வெந்து கோணிய பானைவாய் ஒன்று.
அவர்களுக்கும் வெடித்திருக்கிறது.
காசு போடத்தான் மறந்திருக்கிறார்கள்.