கணக்கில் இல்லாத பூராடம்

பார்லி என்றால் எங்களுக்கு
மூதூர் ஆஸ்பத்திரி வாசல் கடையில்
நீர்க்கடுப்புக்கு வாங்கும் ஒரு பொதி.
அது முளைக்கும் என்று யார் நினைத்தது?

கார்த்திகை மழை விட்ட மூன்றாம் நாள்
கிண்ணியாவிலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள் பஸ்மிலா,
கம்பஸில் கடைசி வருசம்.
சம்பூரில் என் காணியில் ஒரு மூலை கேட்டாள்.
பத்து வருசம் முள்ளுக்கம்பிக்குள் கிடந்த மண்.
எதையும் மறுக்கத் தெரியாது அதற்கு.

கயிறு பிடித்துக் குச்சி அடித்து
இருபத்தேழு பாத்தி.
அவளுக்கு அவை எண்கள்.
எனக்கு எண் மனதில் நிற்காது,
நட்சத்திரமாய் வைத்துக்கொண்டேன்.
அசுபதிக்கு யூரியா, முழு அளவு.
பரணிக்கு மாட்டெரு மட்டும்.
ரோகிணிக்கு அரை யூரியா, ஒரு கூடை எரு,
அதோடு அந்தக் கறுப்புப் பொடி.
பொடிக்குள் உயிர் இருக்கிறதாம்.
ஆறிய கஞ்சியில் பிசைந்து
விதைக்குப் பூசி நிழலில் உலர்த்தினோம்.
"வெயில் பட்டா செத்துப்போகும், அக்கா."
சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு
பாத்திவரை நடந்தேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையைக் கொண்டுபோவதுபோல.

மூன்று பாத்திக்கு ஒன்றுமில்லை.
மறந்துபோய் இல்லை, வேண்டுமென்றே இல்லை.
"இதுகள் இல்லாட்டி
மத்ததுகள்ட கணக்கு நிக்காது" என்றாள்.
எண்ணிப் பார்த்தேன். அதிலொன்று இருபதாவது.
பூராடம். என் நட்சத்திரம்.
பூராடத்தாள் கழுத்தில் நூலாடாது என்று
கலியாணத்துக்கு முன்னமே சொன்ன வாய்கள்
பிறகு, சொன்னது சரி என்று சொல்லவும் வந்தன.
முகாமில் ஒரு கொட்டிலுக்குப் பால்மா வந்து
அடுத்த கொட்டிலுக்கு வராமல் போன நாட்களில்
எங்களையும் யாரோ
எதற்கோ அளந்திருப்பார்களோ?

மார்கழியில் ரோகிணி முழங்காலைத் தாண்டியது.
அசுபதி கரும்பச்சை, ஆனால்
ஒரு காற்றுக்கே படுத்துவிட்டது.
பூராடம் மஞ்சளாய், சாண் உயரத்தில்,
கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

பொங்கலுக்கு முதல் இரவு
மூளி கயிற்றை அறுத்தாள்.
காது கிழிந்த ஆடு, அதனால் அந்தப் பெயர்,
வேறெதனாலும் இல்லை.
அத்தனை பச்சையையும் விட்டு
பூராடத்தில் போய்ப் படுத்திருக்கிறாள்.
டோர்ச் வெளிச்சத்தில்
புழுக்கையை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினேன்.
நூற்றுப் பதினொன்று.
மூத்திரத்தைப் பொறுக்க முடியவில்லை.

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
சொன்னேன்.
பஸ்மிலா பேனையைக் கடித்தாள்.
பிறகு கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு கீறினாள்.
"காணாமப்போன பாத்திக்கும்
ஒரு சூத்திரம் இருக்கு, அக்கா.
மத்ததுகளக் கூட்டி வகுத்து,
இருந்திருந்தா எவ்வளவு இருந்திருக்கும் எண்டு
நாமளே போடலாம்."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
வாய்க்காலில் இறங்கி மண்வெட்டியைக் கழுவினேன்.
கழுவிய மண்வெட்டியை
இன்னொருதரம் கழுவினேன்.

அன்று பின்னேரம்
உறையில் மிஞ்சிய கறுப்புப் பொடி,
கூடையின் அடியில் ஒட்டியிருந்த எரு,
மூளியின் நூற்றுப் பதினொன்று,
எல்லாவற்றையும் கஞ்சித்தண்ணியில் கரைத்து
பூராடத்துக்கு ஊற்றினேன்.
அளக்கவில்லை.
பிந்திப்போச்சு என்று தெரியும்.

மாசியில் இருபத்தாறு பை, இருபத்தாறு துண்டு,
ஸ்கூட்டியில் இரண்டு நடையாய்ப் போயின.
ரோகிணிதான் முதலாவதாம்,
போனில் சொன்னாள், மூச்சு வாங்க.
பூராடம் அதற்குப் பிறகுதான் கதிர்விட்டது.
எல்லாம் சேர்த்து அரைச் சுளகு.

வறுத்து அவித்தேன்.
நீர்க்கடுப்பு இல்லாமலே ஒரு கோப்பை குடித்தேன்.
மிச்சத்துக்கு மூளி வந்து
சட்டிக்குள் தலையை விட்டாள்.
விட்டேன்.