சுகமாம்

மருதானையில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி. வியாழன், மாலை ஆறரை.
ரயில் போகும்போதெல்லாம் சோமதிலக சேர்
வசனத்தைப் பாதியில் நிறுத்துவார்.
கடைசிப் பெட்டியும் கடந்த பிறகு
வினையின் வாலைச் சொல்லுவார்.
கொரிய மொழியில் எல்லாமே வாலில்தான்.

அன்றைக்கு நாலு வால்:
டே, ரே, ஞே, ஜே.
அன்சானில் ஐந்து வருஷம் கதவுப்பிடி வார்த்தவர்.
சோக்கட்டி பிடிக்கையில்
நடுவிரல் மட்டும் மடங்காது.
ஏனென்று யாரும் கேட்டதில்லை.

ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்வது,
சிங்களத்தில் 'லு' இருக்கிறதே, அதுதான், என்றார்.
நாற்பது தலை ஆடியது.
பின்வாங்கில் எனக்கு
அந்த ஒரு லு நாலுக்கும் போதவில்லை.
கொப்பி ஓரத்தில் என் பாட்டில் எழுதினேன்:

கன்டே: போறாராம்.
கரே: போகட்டாம்.
கஞே: போறியோவாம்.
கஜே: போவமாம்.

ஒன்றுக்கும் எழுவாய் வேண்டியதில்லை.
இந்தப் பாடத்தை நான் ஏற்கெனவே படித்தவன்,
பரீட்சை எழுதாமல்.
இரவு பதினொன்றுக்கு லொட்ஜ் மனேஜர் கதவைத் தட்டி
'ஐடென்டிக் காட்டோட கீழ வரட்டாம்.'
யார்? அவருக்கும் தெரியாது. ஜீப் நின்றது.
பணியகத்துக் கண்ணாடித் துவாரத்தில்
'அடுத்த கிழமை வரட்டாம்.'
சொல்பவர் எப்போதும் மாடியில்.
தூக்கி வருபவர் படியில்.
வாசலில் நான்.

பிரிசில்லா ஏறி வந்தது அப்போதுதான்.
கீழே போட்டோக்கொப்பிக் கடையில் நிற்பவள்.
யூஜின் போய்ப் பதினொரு மாதம்,
க்வாங்ஜு பக்கம், பிளாஸ்டிக் கூடை அச்சு.
நீட்டிய கையில் போன்:
இருபத்தாறு வினாடிக் குரல், கொரியன்,
தெரியாத நம்பர்.

சேர் மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.
நாங்கள் எல்லோரும் பேனை எடுத்தோம்,
கேட்டல் பயிற்சிபோல.
வெட்கமாயிருந்தது. ஆனாலும் எடுத்தோம்.

பின்னால் ஏதோ இயந்திரம் இரைய ஓர் ஆண்.
முதல் வசனத்தை
பாணந்துறை ரயில் கொண்டுபோய்விட்டது.
பிறகு: க்வென்சன்டே.
ஆசுபத்திரியில் சொன்னார்களாம், பயமில்லையாம்.
பிறகு: ஷ்வீரே.
ஓய்வெடுக்கட்டாம்.
பிறகு போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தவன்போல, மெல்ல:
ஜிபே மல்ஹாஜி மல்லே.
ரே-யின் இன்னொரு முகம், போன வாரம்தான் காட்டினார்.
வீட்டுக்குச் சொல்ல வேண்டாமாம்.

சொல்லாதே என்று யூஜின் சொன்னதை
சொல்லிவிட்டான், வீட்டுக்கே,
முகம் தெரியாத அந்த நல்லவன்.

சேர் சோக்கட்டியைக் கீழே வைத்தார்.
என்னைப் பார்த்தார்.
அவளுடைய மொழிக்கு
அந்த அறையில் என் வாய் ஒன்றுதான்.

'என்னவாம்?' என்றாள்.

கேள்விக்கும் வால் இருந்தது.
நாலையும் நாக்கில் வைத்துக்கொண்டு நின்றேன்.
எதைச் சொன்னாலும் ஒருவன் பேச்சை மீறுவேன்,
சொல்லாவிட்டால் இவளை.

'சுகமாம்.'

தனியே நிற்கும் ஆம், சத்தியம்.
ஒன்றில் ஒட்டிக்கொண்டால்
எனக்குப் பொறுப்பில்லை என்று கையை விரிக்கும்.
பிரிசில்லா ஒரு மொழிக்கும் இலக்கணம் படித்தவளல்ல.

'சுகமோ? சுகமாமோ?'

நான் வாய் திறக்கு முன்
அவளே போனை எடுத்து
முதலில் இருந்து அழுத்தினாள்.
வகுப்பு முழுவதும் ஸ்டேஷன் பக்கம்
காதை வைத்துக் காத்திருந்தோம்.

இந்த முறை
ஒரு ரயிலும் வரவில்லை.